பனிக்காட்டு மான்களும் நான் மொழிபெயர்க்காத வரியும்

இந்தப் பக்கத்தை வாசிக்கிற பன்னிரண்டு பேரையும் கெஞ்சிக் கேட்கிறேன்: இதை யாருக்கும் காட்டாதீர்கள். இணைப்பை அனுப்பாதீர்கள், அச்சடிக்காதீர்கள், திரட்டிகளில் சேர்க்காதீர்கள். டோர்ட்மண்டில் உங்களுக்குத் தெரிந்த தமிழர் யாராவது இருந்தால் அவர்களுக்கு வாயே திறக்காதீர்கள். இங்கே தமிழ்க் கடையில் சனிக்கிழமை சொன்ன விஷயம் ஞாயிறு பூசைக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கொலோன் பயணத்தையும், பழைய தமிழ்க் கடிதங்களைப் பார்க்க ஹாலே நகருக்குப் போனதையும் பகலில் எழுதினேன். இதை இரவில் எழுதுகிறேன். அப்பாவுக்குப் பாண் (ரொட்டி) தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மா படுத்துவிட்டார். தட்டுகிற சத்தம் கேட்காமல் இருக்க விசைப்பலகைக்குக் கீழே துவாயை மடித்து வைத்திருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை காலை நானும் அம்மாவும் மறுபடி அந்தப் பனிக்காட்டுக்குப் போகிறோம். அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும். பயணக் கட்டுரையாகவே எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் மான் பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு இது உதவவும் வேண்டும்.

போன காரணம் இதுதான். அம்மாவின் அக்கா மகன் நிரோ அண்ணை, வயது பத்தொன்பது. ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து வந்து எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். பள்ளி முடிந்ததும் தொழிற்பயிற்சிக்கு, இங்கே சொல்வது போல அவுஸ்பில்டுங்குக்கு, நாற்பது இடத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதினார். பாதிக்கு நான்தான் எழுத்துப்பிழை பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் போன செப்டெம்பரில் வின்டர்பேர்க் பக்கத்து மலைக்காட்டில் ஒரு வருடத் தன்னார்வ வேலை கிடைத்தது. காட்டு வேலை செய்யும் தமிழரை நான் வேறு கண்டதில்லை. வீட்டுக்கு வருபவர்கள் "காட்டிலை என்ன வேலை தம்பி, விறகு பொறுக்கிறீரோ?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு "ஓம், உங்களுக்கும் ரெண்டு கட்டு கொண்டுவாறன்" என்பார். ஆனால் அங்கே வரும் ஓகஸ்டில் ஒரே ஒரு பயிற்சி இடம் இருந்தது. அது தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். கார்னிவல் திங்கள் பள்ளி விடுமுறை என்பதால், 2006 பெப்ரவரி கடைசி வார இறுதியில் அவரைப் பார்க்க அம்மாவும் நானும் கிளம்பினோம்.

சனிக்கிழமை காலை 8.12க்கு டோர்ட்மண்ட் மத்திய நிலையத்தில் ரயில். வின்டர்பேர்க்குக்கு மாறாமல் போகலாம், ஒரு மணி ஐம்பது நிமிடம். அம்மாவுக்கு 17.40 யூரோ, எனக்குப் பதினான்கு வயது என்பதால் பாதி. ஐந்து பேராகப் போய் அன்றே திரும்புவதென்றால் குழு டிக்கெட் எடுங்கள், மிகவும் மலிவு. வலது பக்க யன்னலில் உட்காருங்கள். அரைவாசி தூரம் வரை மழை, பிறகு ஒரு சுரங்கம் கடந்ததும் எல்லாம் வெள்ளை.

நிலையத்திலிருந்து ஊருக்குப் பேருந்து, ஒன்பது கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம், ஆளுக்கு 2.60. ஊரின் பெயரை எழுதவில்லை, ஏனென்று பிறகு புரியும். எங்களிடம் ஐந்து பைகள். இடியப்பம், கோழிக்கறி, மீன் ரோல்ஸ், ஒரு பெட்டி சோறு. அதற்கு மேல் அப்பாவின் தொழிற்சாலையில் விற்காமல் மிஞ்சி வந்த பாண் ஏழு. எங்கள் வீட்டில் பாணை எறிவது கிடையாது. எறிந்தால் அம்மா குப்பைத் தொட்டியிலிருந்து திரும்ப எடுப்பார்.

"வீடு மாறுகிறீர்களா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"சாப்பாடு," என்றேன்.

"எத்தனை பேருக்கு?"

"ஒருவருக்கு."

அம்மா அதற்குள் ஒரு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி அவரிடம் நீட்டிவிட்டார். "உறைக்கும் எண்டு சொல்லு பிள்ளை." சொன்னேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டார், கண் கலங்கியது, இறங்கும்போது அம்மாவின் பைகளைத் தானே இறக்கித் தந்தார். அம்மாவுக்கு ஜெர்மன் இருபது சொல் தெரியும். மிச்சத்தைச் சாப்பாட்டாலும் என்னாலும் சமாளிப்பார். டொக்டர், வங்கி, வீட்டுக்காரர், அலுவலகக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் எட்டு வயதிலிருந்து நான்தான் வாய்.

தங்கியது ஒரு சின்ன விடுதியில். இரண்டு கட்டில் அறை, காலைச் சாப்பாட்டுடன் இரவுக்கு 44 யூரோ. சூடாக்கி நன்றாக வேலை செய்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பாகை.

மதியம் இரண்டு மணிக்கு நிரோ அண்ணை எங்களைப் பார்வைக் குடிலுக்குக் கூட்டிப் போனார். ஊரிலிருந்து 1.8 கிலோமீற்றர் ஏற்றம், பனியில் ஐம்பது நிமிடம். மரத்தாலான குடில், ஒரு நீளமான துளை, அதற்கு அப்பால் முந்நூறு மீற்றர் தள்ளிச் செம்மான்களுக்கு உலர்புல் போடும் இடம். கனடாவிலிருந்து வாசிக்கும் அக்கா ஒருவர் போன முறை எல்க் மான் இருக்குமா என்று கேட்டிருந்தார். உங்கள் ஊர் எல்க்குக்கு இந்தச் செம்மான் நெருங்கிய உறவு, உருவத்தில் சிறியது. பழக்கம் ஒன்றுதான்: பனி கூடினால் மேட்டை விட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும். ஆனால் இங்கே பள்ளத்தாக்கு முழுவதும் வீடும் வீதியும், இறங்க இடமில்லை. அதனால்தான் கடும் பனியில், அரசு அனுமதித்தால் மட்டும், புல் போடுகிறார்கள்.

இருபதுக்கு மேல் நின்றன. நின்றன என்றால் உண்மையாகவே நின்றன. காது கூட ஆடவில்லை. முதுகில் பனி கிடந்தது, உருகவில்லை.

"என்ன தம்பி, இதுகளுக்கு வருத்தமோ?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"இல்லைச் சின்னம்மா, அடுப்பைக் குறைச்சு வைச்சிருக்குதுகள். குளிர் வந்தால் இதயம் மெதுவா அடிக்கும், கால் எல்லாம் சில்லெண்டு போகும், இரைப்பையும் சுருங்கிவிடும். நீங்கள் ஹீற்றரை ரெண்டிலை விட்டிட்டுப் போர்வையோட இருக்கிறியள் எல்லே, அது மாதிரி."

"இதுகளுக்கும் பில் வருமோ?"

"வரும். பயந்து ஓடினால் வரும்."

அவர் ஒவ்வொரு காலையும் ஏழரைக்கு அதே டிராக்டரில், அதே பச்சை அங்கியில் புல் கொண்டு போகிறார். நேரம் மாறினாலோ அங்கி மாறினாலோ மான்கள் ஓடிவிடுமாம். அம்மா அவருக்காக வாங்கி வந்த சிவப்பு ஜக்கெற்றைக் காட்டினார். "வடிவா இருக்கு, ஆனால் வேலைக்குப் போட ஏலாது" என்றார் அண்ணை. "அப்ப பூசைக்குப் போடு." "இஞ்சை தமிழ்ப் பூசை எங்கை சின்னம்மா?" "அதுதான் சொல்லுறன், வீட்டை வா எண்டு."

அப்போது வனஅதிகாரி ஹெங்கே அம்மையார், இங்கே சொல்வது போல பிரௌ ஹெங்கே, வந்தார். ஐம்பது வயதிருக்கும், நிரோ அண்ணையின் மேலாளர். பயிற்சி இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். அம்மா உடனே ரோல்ஸை எடுத்தார். பிரௌ ஹெங்கே சாப்பிட்டுவிட்டு, "இவன் காலையில் எனக்கு முன்னால் வந்து நிற்கிறான்" என்றார். மொழிபெயர்த்தேன். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் துளை வழியே மான்களைப் பார்த்தார்.

பனி பற்றி நான் கேட்டேன், பள்ளியில் உயிரியல் பாடத்துக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னதை இங்கே தருகிறேன், குறிப்புப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. ஜனவரிப் பனி பெரிதாக ஒன்றும் செய்யாது, இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பு இருக்கும். கொல்வது மார்ச். கொழுப்பு தீர்ந்திருக்கும், பகலில் உருகி இரவில் உறைந்த பனியின் மேல்தோல் கண்ணாடி மாதிரி காலை வெட்டும். அந்த நேரத்தில் ஒருதரம் துரத்தினால் பல நாள் சேமித்தது போய்விடும். பிறகு அந்தப் பசிக்கு மரப்பட்டையை உரிக்கும், மரமும் போகும். முதலில் போவது போன வருடக் குட்டிகளும் கிழடுகளும்.

"பனியே இல்லாத வருடம் நல்லதா?" என்று கேட்டேன்.

"மானுக்கு நல்லது. எல்லாக் குட்டியும் பிழைக்கும். அடுத்த இரண்டு வருடத்தில் முளைக்கிற கன்றெல்லாம் அவற்றின் வயிற்றில் இருக்கும்."

ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தலையாட்டினார். "அப்ப குளிர்தான் இஞ்சை கணக்குப்பிள்ளை." அதை ஜெர்மனில் சொன்னபோது பிரௌ ஹெங்கே முதல்முறையாகச் சிரித்தார்.

நான் எடுத்த படங்களில் வெள்ளைக்குள் பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தன. என் கமராவில் மூன்று மடங்குதான் பெரிதாக்கலாம்.

ஞாயிறு அண்ணைக்கு வேலை. நானும் அம்மாவும் ஊருக்குப் பின்னால் இருக்கிற நடைபாதைக்குப் போனோம். சுற்றுப்பாதை, 4.2 கிலோமீற்றர், சமதரை, வயதானவர்களும் நடக்கலாம், கட்டணம் இல்லை. தொடக்கத்தில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. அதற்கு அப்பால் நாற்பது மீற்றரில், ஹேசல் புதருக்குள் மூன்று சிறுமான்கள் நின்றன. செம்மான் வேறு, இது வேறு. இது ஆட்டின் உயரம்தான், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஊர் ஓரத்தில் ஆட்களைப் பார்த்துப் பழகியவை. எங்களைப் பார்த்தன, போகவில்லை.

அம்மாவின் கையில் பாண் பை இருந்தது. அண்ணைக்கு ஏழு பாண் கூடிப்போய், ஐந்தைத் திருப்பித் தந்திருந்தார்.

அம்மா பலகைக்கு முன்னால் நின்று, "என்னவாம் போட்டிருக்கு?" என்றார்.

நான்கு விஷயம் போட்டிருந்தது. பாதையை விட்டு இறங்காதீர்கள். நாயைக் கட்டிக் கூட்டிப் போங்கள். சத்தம் போடாதீர்கள். நான்காவது, சிவப்பு எழுத்தில்: மான்களுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், பாணும் தானியமும் அவற்றைக் கொல்லும்.

நான் நான்கையும் வாசித்தேன். மூன்றைச் சொன்னேன்.

"அவ்வளவுதானோ? இவ்வளவு எழுத்துக் கிடக்கு."

"ஜேர்மன்காரர் எல்லாத்தையும் நீட்டித்தான் எழுதுவினம் அம்மா."

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை அலங்கரிக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கிட்டப் படம் வேண்டும். அறிக்கைக்கும், இந்தப் பக்கத்துக்கும். பாண் போட்டால் அவை வரும் என்று தெரியும். கொடுக்கக் கூடாது என்று சொன்னால் அம்மா ஒரு துண்டும் போடமாட்டார், சட்டம் என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பயம். கொல்லும் என்ற சொல்லை நான் நம்பவில்லை. வாத்துக்குப் பாண் போடாதீர்கள் என்றும் பூங்காவில் எழுதியிருக்கிறது, எல்லாரும் போடுகிறார்கள், வாத்து கொழுத்துப்போய்த்தான் இருக்கிறது.

அம்மா பாதை ஓரத்தில் குந்தி, மூன்று பாணைப் பிய்த்துப் புதரடியில் போட்டார். "தின்னுங்கோ. நேற்றுப் பாத்ததுகளுக்கு அவை புல்லுக் குடுக்கினம், உங்களுக்கு ஒருத்தரும் இல்லை" என்றார். பிறகு நாங்கள் தள்ளிப்போய் நின்றோம். இருபது நிமிடத்தில் வந்து தின்றன. பத்து மீற்றர் தூரத்தில் ஒன்பது படம் எடுத்தேன். ஒரு படத்தில் பெட்டை மானின் மீசை மயிர் கூடத் தெரியும். இங்கே போடப்போவதில்லை.

திங்கள் காலை கிளம்பும் முன் அம்மா மறுபடி போகவேண்டும் என்றார். மிச்சம் இரண்டு பாணும் பெட்டியிலிருந்த சோறும். இந்தமுறை அவை எங்களுக்காகவே நிற்பது போல நின்றன. 11.05க்குப் பேருந்து. திரும்பும் ரயிலில் கார்னிவல் ஆட்கள், மூக்கில் சிவப்புப் பந்து வைத்த ஒருவர் அம்மாவுக்கு இனிப்புக் கொடுத்தார், அம்மா அவருக்குக் கடைசி ரோல்ஸைக் கொடுத்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு முன் வீட்டில். இவ்வளவுதான் பயணம்.

செவ்வாய் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். நிரோ அண்ணை.

"சின்னம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"இல்லை, குளிக்கிறா."

"உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். நடைபாதைப் பக்கம் ஒரு சிறுமான் செத்துக் கிடந்தது. நோயோ எண்டு வெட்டிப் பாத்தவை. வயித்துக்குள்ளை பாணும் சோறும். உள்ளை ரெண்டு குட்டி."

குளியலறைக் கதவைப் பார்த்தேன்.

"பிரௌ ஹெங்கே என்னைத்தான் பாக்கிறா. என்ர அறையிலை அதே பாண் ரெண்டு கிடக்கு. இந்த ஊரிலை சோறு தின்னுறவன் நான் ஒருத்தன்தான். நீங்கள் ஆராவது போட்டனீங்களோ?"

"இல்லை அண்ணை."

"உண்மையா?"

"ஓம்."

"அப்ப சரி. நீ சொன்னால் காணும். எங்கடை ஆக்கள் இல்லை எண்டு அவட்டைச் சொல்லிவிடுறன்."

அம்மா தலையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னவாம் என்று கேட்டார். "ஒரு மான் செத்துப்போச்சாம். அண்ணை சரியாக் கவனிக்கேல்லை எண்டு சொல்லுகினமாம்" என்றேன். இந்தமுறை தமிழிலிருந்து தமிழுக்கே பிழையாக மொழிபெயர்த்தேன்.

மறுநாள் பள்ளி நூலகத்தில் தேடி வாசித்தேன். மானின் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. உணவைச் செரிப்பது அவைதான். குளிர்காலத்தில் அவை மொட்டுக்கும் சுள்ளிக்கும் முட்புதர் இலைக்கும் பழகியிருக்கும். பழக்கமில்லாத நேரத்தில் பாணோ சோறோ போனால் வேறு நுண்ணுயிர்கள் பெருகி, இரைப்பை முழுவதும் அமிலமாகிவிடும். ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். பசியால் சாகாமல், வயிறு நிறைந்து சாகும். அந்த மான்கள் பசியால் வாடி நிற்கவில்லை. அடுப்பைக் குறைத்து வைத்திருந்தன, அவ்வளவுதான். அண்ணை சனிக்கிழமையே சொன்னார்.

அன்று சாம்பல் புதன். பூசை முடிந்து வாசலில், நெற்றியில் சாம்பலோடு அம்மா மற்ற அம்மாக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கைக்கெட்டின தூரத்திலை வந்து தின்னுதுகள். தவசு காலம் தொடங்க முந்தி ஒரு புண்ணியம் எண்டு நினைச்சன்." ஒரு அன்ரி என் கன்னத்தைத் தட்டி, "நீயும் போட்டனியோ?" என்றார். தலையாட்டினேன்.

இன்று பின்னேரம் அண்ணையிடமிருந்து மறுபடி தொலைபேசி, இந்தமுறை அம்மா எடுத்தார். நாளை 11.30க்கு வனஅலுவலகத்தில் அவருக்கு ஒரு ரெர்மின். பயிற்சி இடம் யாருக்கு என்று சொல்லும் சந்திப்பு. விதி தெரிந்தே மீறுபவனையும், மீறிவிட்டு மறைப்பவனையும் எடுக்க முடியாது என்று பிரௌ ஹெங்கே சொல்லிவிட்டாராம். எந்த விதி என்று அண்ணை விவரம் சொல்லாமல், "என்னை நம்பினம் இல்லை சின்னம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா போனை வைத்தார். பிறகு அலுமாரியிலிருந்து நல்ல சேலையை எடுத்தார்.

"நாளைக்கு நாங்கள் போறம்."

"அம்மா, எனக்குப் பள்ளிக்கூடம்."

"ஒரு நாள். கடிதத்தை நீ எழுது, நான் கையெழுத்து வைக்கிறன். அந்த அம்மாவுக்கு நேரை சொல்லவேணும். இவன் எங்கடை கையிலை வளந்த பிள்ளை, ஒரு சீவனைப் பட்டினி போடமாட்டான் எண்டு. நாங்களே அந்த மான்களுக்கு ரெண்டு நாள் சாப்பாடு குடுத்தனாங்கள், எங்கடை குடும்பம் அப்பிடி எண்டு சொல்லவேணும். நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு."

இதுதான் என் நிலைமை. நாளை அந்த மேசைக்கு முன்னால் அம்மா பெருமையோடு சொல்லப்போவதை நான் ஜெர்மனில் சொல்ல வேண்டும். அப்படியே சொன்னால், மானைக் கொன்றது தன்னுடைய பாண் என்பது பிரௌ ஹெங்கேயின் முகத்தில்தான் அம்மாவுக்குத் தெரியவரும். மாற்றிச் சொன்னால் அம்மா ஒன்றும் அறியமாட்டார், அண்ணையின் இடம் போகும். மாற்றிச் சொல்ல எனக்கு வரும். அதுதான் பயமாக இருக்கிறது. பின்னேரத்திலிருந்து எத்தனை வசனம் எப்படி மாற்றலாம் என்று தலைக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல மூன்றுதரம் போனேன். முதலில் அம்மா ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது தரம் செபமாலை. மூன்றாவது தரம் சமையலறையில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார், மேசையில் மூன்று பாண் தனியாக இருந்தன. "இது மான்களுக்கு. ரெண்டு நாள் பழக்கிப்போட்டம், அதுகள் என்னைத் தேடப்போகுதுகள்" என்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொன்னால், அடுத்த மாதம் டொக்டர் சொல்வதை நான் சொல்லும்போது அம்மா என் வாயைப் பார்ப்பாரா, டொக்டரின் முகத்தைப் பார்ப்பாரா? அம்மாவுக்கு இந்த நாட்டில் வேறு வாய் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்ச் முடியும் வரை பனி இருக்கும், கணுக்காலுக்கு மேல் வருகிற சப்பாத்துப் போடுங்கள். பார்வைக் குடிலுக்கு மதியம் இரண்டு முதல் மூன்றரைக்குள் போங்கள், பிறகு இருட்டில் இறங்க வேண்டிவரும். சனி ஞாயிறில் பேருந்து இரண்டு மணிக்கு ஒருதரம்தான். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணாடி கொண்டு போங்கள், கமராவை நம்பாதீர்கள். மான் அசையாமல் நின்றால் அதற்கு ஒன்றும் தேவையில்லை என்று அர்த்தம். கிட்டப் போகாதீர்கள், எழுப்பாதீர்கள். மிஞ்சின சாப்பாட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். எவ்வளவு பாவமாகத் தெரிந்தாலும் பாண், சோறு, பழம், ஒன்றும் போடாதீர்கள். பலகையைக் கடைசி வரி வரை வாசியுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால், கடைசி வரி வரை

கதவு தட்டப்படுகிறது.

அம்மா. "பிள்ளை, இன்னும் லைற் எரியுது. உங்கை என்ன செய்யிறாய்?"

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார். பக்கத்தை மூட வேண்டும். மூடவில்லை. இதுவரை நான் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னதெல்லாம் ஜெர்மன். இது தமிழில் இருக்கிறது, இதை அம்மா தானே வாசிப்பார், ஒரு வரியும் நான் விட

கதவைத் திறக்கிறேன்